தண்டனை முடிந்த மறுநாள்

(சுங்கை வேயில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் எனக்கு எந்த நிபந்தனையும் வைக்கவில்லை. சட்டம் பற்றி ஊருக்குப் பயன்படும்படி பேசுங்கள் என்றார்கள். அதனால் நாம் வீட்டுக்குள் பேசி, மேடையில் பேசத் தயங்கும் ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கொடிய குற்றம் செய்த ஒருவர் தமக்கு விதிக்கப்பட்ட தண்டனையை முழுவதும் அனுபவித்துவிட்டு வெளியே வருகிறார். அவரிடம் ஆபத்து இன்னும் குறையவில்லை என்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களே சொல்கிறார்கள். அவர் விடுதலையான மறுநாள் அரசு என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது? அதை யார் தீர்மானிக்க வேண்டும்? இதுதான் இன்றைய பேச்சு.

2017 ஜனவரி இறுதியில் கனடா ஒரு மலேசியரை விமானத்தில் ஏற்றிக் கோலாலம்பூருக்கு அனுப்பியது. அவர் நம் இனத்தவர். டொரொண்டோவில் பல பெண்களுக்குப் பானத்தில் மயக்க மருந்து கலந்து கொடுத்து வன்கொடுமை செய்ததற்காக 1992-இல் தண்டிக்கப்பட்டவர். பின்னால் சேர்ந்த தண்டனையோடு மொத்தம் 24 ஆண்டுகள் சிறை. கனடாவில் பெரும்பாலான கைதிகளைத் தண்டனையில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்ததும் கண்காணிப்போடு வெளியே விடுவார்கள். மீதிக் காலம் முழுவதும் ஓர் அதிகாரியின் பொறுப்பில் இருக்க வேண்டும். இவருக்கு அது மறுக்கப்பட்டது. வெளியே விட்டால் மறுபடியும் செய்வார் என்று பரோல் வாரியம் கருதியது. கடைசி நாள் வரை உள்ளே வைத்திருந்தார்கள். பிறகு நாடு கடத்தினார்கள்.

அவர் வந்திறங்கிய வாரம் உங்களுக்கு நினைவிருக்கும். அவர் படம் வாட்ஸ்அப்பில் வீடு வீடாகப் போனது. பெண் பிள்ளை வைத்திருந்தவர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தில் ஒரு தவறும் இல்லை. அவர் மீது இங்கு வழக்கு எதுவும் இல்லை, கைது செய்ய இடமில்லை, ஆனால் கண்காணிப்போம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். எந்தச் சட்டத்தின்கீழ்? எவ்வளவு காலம்? யாருடைய உத்தரவில்? வெளிநாட்டில் தண்டனை முடித்துத் திரும்பும் குடிமகனை நீதிமன்றத்தின் வழியாகக் கண்காணிப்பில் வைக்க நம்மிடம் சட்டம் இருக்கவில்லை.

இதில் உள்ள சிக்கலைக் கவனியுங்கள். ஒருவர் மிகவும் ஆபத்தானவர் என்பதால் கடைசி நாள் வரை உள்ளே வைக்கிறோம். அதனாலேயே அவர் வெளியே வரும்போது கண்காணிக்கத் தண்டனையில் ஒரு நாள்கூட மிச்சமில்லை. ஆபத்துக் குறைந்தவர் பரோல் அதிகாரியோடு வருகிறார். ஆபத்து மிகுந்தவர் தனியாக வருகிறார். நம் நாட்டிலும் இதே நிலைதான். 2008-இலிருந்து நமக்குப் பரோல் முறை இருக்கிறது. அதற்கென அதிகாரிகள் இருக்கிறார்கள், நல்ல வேலையும் செய்கிறார்கள். ஆனால் கடுங்குற்றங்கள் பலவற்றுக்குப் பரோல் கிடையாது. அந்தக் கைதிகள் நன்னடத்தைக் கழிவு போக மீதிக் காலத்தை முடித்துவிட்டு, ஒரு பையோடு காஜாங்கிலோ சுங்கை பூலோவிலோ வாசலுக்கு வெளியே வந்து நிற்கிறார்கள்.

அப்படியானால் நம் நீதிமன்றங்களுக்கு அதிகாரமே இல்லையா? கொஞ்சம் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 295, 296-ஆவது பிரிவுகள், மீண்டும் மீண்டும் குற்றம் செய்தவரைத் தண்டனைக்குப் பிறகு போலீஸ் கண்காணிப்பில் வைக்க நீதிபதிக்கு இடம் தருகின்றன. 2017-இல் வந்த சிறார் பாலியல் குற்றச் சட்டம் இதை இன்னும் தெளிவாக்கியது. அந்தச் சட்டம் எப்படி வந்தது என்பது இந்த வட்டாரத்தில் பலருக்குத் தெரியும். ரிச்சர்ட் ஹக்கல் என்ற ஆங்கிலேயர் தொண்டு செய்பவர்போல் கோலாலம்பூரின் ஏழைக் குடும்பங்களுக்குள் நுழைந்து, கைக்குழந்தை முதல் 12 வயதுப் பிள்ளை வரை சிதைத்தார். 71 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்ட அவருக்கு 2016 ஜூனில் லண்டன் நீதிமன்றம் 22 ஆயுள் தண்டனைகள் விதித்தது. இதில் பெரும்பகுதி இங்கு நடந்தது. நாம் அறிந்ததோ லண்டனிலிருந்து. அடுத்த ஆண்டு ஏப்ரலில் நாடாளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றியது. ஜூலையில் அது நடப்புக்கு வந்தது. இடையில் ஜூனில் புத்ராஜெயாவில் சிறப்பு நீதிமன்றம் திறக்கப்பட்டது. நாடு வேகமாகச் செயல்பட்ட ஒரு தருணம் அது. அதற்காக உழைத்தவர்களை நான் மதிக்கிறேன்.

அந்தச் சட்டத்தின் 26-ஆவது பிரிவின்படி தண்டனைக் காலத்தில் கைதிக்கு மறுவாழ்வு ஆலோசனை தர வேண்டும். 27-ஆவது பிரிவின்படி தண்டனை முடிந்ததும் ஓராண்டுக்குக் குறையாமல், மூன்றாண்டுக்கு மிகாமல் போலீஸ் கண்காணிப்பு. பத்திரிகையில் தீர்ப்புச் செய்தி வரும்போது கடைசி வரியில் இதைப் படித்திருப்பீர்கள். ஆனால் அந்தக் கண்காணிப்பு நடைமுறையில் என்ன? எங்கே குடியிருக்கிறேன் என்று மாவட்டப் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும், வீடு மாறினால் சொல்ல வேண்டும், மாதம் ஒருமுறை போலீஸ் நிலையத்தில் முகம் காட்ட வேண்டும். முகம் காட்டிவிட்டால் கடமை முடிந்தது. மீதி நாள்களில் அவர் யாரோடு இருக்கிறார், எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே வேலை பார்க்கிறார், குடிக்கத் தொடங்கிவிட்டாரா என்று கேட்க அங்கே ஆள் இல்லை. அதற்குப் பயிற்சி பெற்றவர்களும் இல்லை. ஆலோசனை சிறைக்குள் தொடங்கிச் சிறைக்குள்ளேயே முடிகிறது. கண்காணிப்பு வெளியே தொடங்குகிறது. ஒன்றுக்கு ஒன்று தெரியாது. உள்ளே அவரோடு இரண்டாண்டு பேசிய ஆலோசகர் அறிந்ததில் ஒரு வரிகூட வெளியே இருக்கும் போலீஸ்காரர் கைக்குப் போக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். போக்கா என்று நம் பிள்ளைகள் சொல்லும் 1959-ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டம். 2014 ஏப்ரலில் திருத்தங்களோடு புத்துயிர் பெற்றது. இதன்கீழ் ஒருவரை முதலில் 21 நாள், பிறகு 38 நாள் என 59 நாள் வரை காவலில் வைக்கலாம். விசாரணை அதிகாரி அறிக்கை தருவார். அந்த விசாரணையில் அவருக்காக வழக்கறிஞர் வாதாட முடியாது. இந்தச் சட்டத்தின்கீழ் அமைந்த வாரியம் முடிவெடுக்கும். இரண்டாண்டு வரை தடுத்துவைக்கலாம்; அதைப் புதுப்பிக்கலாம். அல்லது ஐந்தாண்டு வரை கண்காணிப்பு: குறிப்பிட்ட மாவட்டத்தில் மட்டும் வசிக்க வேண்டும், இரவில் வெளியே போகக்கூடாது, கணுக்காலில் மின்னணுக் கருவி. உயர்நீதிமன்றத்துக்குப் போனாலும் நடைமுறை சரியா என்று மட்டுமே கேட்கலாம். முடிவு நியாயமா என்று கேட்க முடியாது. இத்தனைக்கும் இவரை எந்த நீதிமன்றமும் குற்றவாளி என்று சொல்லியிருக்க வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்த முக்கியச் செய்தி இதுதான். சிறுமியைச் சிதைத்ததாக நிரூபிக்கப்பட்டுத் தண்டனை முடித்தவருக்கு மாதம் ஒரு முறை கையெழுத்து. குண்டர் கும்பலில் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட 22 வயதுப் பையனுக்கு ஐந்தாண்டு கணுக்கால் கருவி. நிரூபணம் இருக்கும் இடத்தில் கண்காணிப்பு மெலிந்திருக்கிறது. நிரூபணம் இல்லாத இடத்தில் தடித்திருக்கிறது. இரண்டையும் தலைகீழாக மாற்ற வேண்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இந்தக் கருவியோடு நடமாடும் பிள்ளைகளின் தாய்மார்களை நீங்கள் அறிவீர்கள். சிலர் இந்த மண்டபத்திலேயே இருக்கக்கூடும். அந்தப் பிள்ளைகள் எல்லாரும் நிரபராதிகள் என்று நான் சொல்லவில்லை. குற்றம் செய்திருந்தால் நீதிமன்றத்தில் நிறுத்துங்கள், சாட்சியைக் காட்டுங்கள், தண்டனை கொடுங்கள் என்கிறேன். நிரூபிக்காமல் கட்டுப்படுத்துவது இந்த நாட்டுக்குப் புதிய வழக்கமும் அல்ல. 1933-இலிருந்து குடியிருப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. பிடிக்காதவரை ஊரைவிட்டு ஊர் தள்ளுவதற்கு அது போதும். கிள்ளானில் பிறந்தவரைக் கிளந்தானின் ஏதோ ஒரு மூலைக்கு அனுப்பினால் வேலையும் போகும், குடும்பமும் போகும். 2011-இல் அதை நீக்கினார்கள். அதே காலகட்டத்தில் 1969-ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டமும் முடிவுக்கு வந்து, அதன்கீழ் சிம்பாங் ரெங்கத்தில் அடைபட்டிருந்தவர்கள் வெளியே வந்தார்கள். இவர்களால்தான் குற்றம் பெருகிவிட்டது என்ற குரல் எழுந்தது; அந்தக் குரலின் மேல் ஏறித்தான் போக்கா திரும்பி வந்தது. நிரூபணத்தோடு கண்காணிக்கும் நல்ல சட்டம் ஒன்று அன்றே இருந்திருந்தால் அந்தப் பயத்துக்கு வேறு விடை கிடைத்திருக்கும்.

இந்த இடத்தில் நின்று இதைப் பேசுவதற்கு ஒரு காரணமும் உண்டு. தொழிற்சாலைகள் வருவதற்கு முன் சுங்கை வே ஒரு புதுக்கிராமம். அவசரகாலத்தில், 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்படி, நாடெங்கும் சுமார் ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, காட்டோரங்களிலிருந்து பெயர்த்து முள்வேலிக்குள் குடியமர்த்தினார்கள். வாசலில் சோதனை, இரவில் ஊரடங்கு, அரிசிக்குக் கட்டுப்பாடு. அந்தக் குடும்பங்களில் மிகப் பெரும்பாலோர் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்பட்டவர்கள் அல்லர்.

தமிழ்நாட்டில் நம் மூதாதையர் சிலர் இதைவிடக் கொடிதாக அனுபவித்தார்கள். குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் பிறப்பினாலேயே ஒரு கூட்டத்தைப் பதிவேட்டில் ஏற்றினார்கள். மதுரைப் பக்கத்துக் கள்ளர் ஊர்களில் வயதுவந்த ஆண்கள் கைரேகை பதிக்க வேண்டும். இரவில் காவலர் முன்னிலையில் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். புதிதாகக் கல்யாணமானவனுக்கும் விலக்கு இல்லை. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டதில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல்தான் ஒழிந்தது. மறு ஆண்டே வழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பிறப்பைப் பார்ப்பதை விட்டு ஒருவர் செய்ததைப் பார்க்கிறோம் என்றார்கள். திசை சரிதான், ஆனால் பழைய பதிவேட்டை வைத்திருந்த அதே கைகளிடம் புதிய பதிவேட்டையும் கொடுத்தால் எந்த வீட்டுக் கதவை முதலில் தட்டுவார்கள் என்பது நமக்குத் தெரியும். கண்காணிப்பு என்றாலே நம் மக்களுக்கு வயிறு கலங்குவதன் பின்னால் இத்தனை வரலாறு இருக்கிறது.

இதைச் சொல்லி, ஆகவே கண்காணிப்பே வேண்டாம் என்று முடிப்பது எளிது. நான் அப்படி முடிக்க மாட்டேன். தன் குழந்தையைச் சிதைத்தவன் பத்தாண்டு கழித்து அதே தாமானுக்கு, அதே மாடிக்குத் திரும்பி வருகிறான் என்று ஒரு தாய் கேட்டால், மனித உரிமை பேசி அவளை அனுப்பிவிட எனக்கு மனம் வராது. கண்காணிப்பு வேண்டும். அதைத் திறந்த நீதிமன்றம், இந்த ஒரு மனிதரைப் பற்றிய ஆதாரத்தின்மேல், காலவரையோடு உத்தரவிட வேண்டும்.

மற்ற நாடுகள் இந்த வழியில் நடந்திருக்கின்றன, தடுக்கி விழுந்தும் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து 2003-இல் சட்டம் செய்தது. தண்டனை முடியும் தறுவாயில் அரசு மாநில உச்ச நிலை நீதிமன்றத்துக்குப் போகலாம். நீதிபதி கண்காணிப்பில் விடலாம், மேலும் தடுத்தும் வைக்கலாம். மறு ஆண்டு அந்நாட்டு உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. ஐ.நா. மனித உரிமைக் குழுவோ 2010-இல், தண்டனை முடிந்தவரை அதே சிறையிலேயே வைத்திருப்பது இரண்டாம் தண்டனை என்றது. ஜெர்மனியில் 2011-இல் அரசியல் சாசன நீதிமன்றம் இன்னும் கூர்மையாகப் பேசியது: தடுத்து வைப்பதானால் அது சிறையிலிருந்து தெளிவாக வேறுபட்டிருக்க வேண்டும், சிகிச்சையும் விடுதலையை நோக்கிய வழியும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். நம் கூட்டரசு அரசியல் சாசனத்தின் 7-ஆவது பிரிவும் தண்டிக்கப்பட்டவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்கக்கூடாது என்கிறது. ஆகவே நீட்டித்துச் சிறை வைக்கும் வழியை நான் ஆதரிக்கவில்லை.

பக்கத்து வீடான சிங்கப்பூர் 2024 பிப்ரவரியில் வேறொரு முறையை நிறைவேற்றியது. ஆபத்தானவர் என்று கருதினால் உயர்நீதிமன்றம் தண்டிக்கும்போதே 5 முதல் 20 ஆண்டு வரை குறைந்தபட்சக் காலத்தை நிர்ணயிக்கும். அதன் பிறகும் ஆபத்து தணியாதவரை வெளியே விடமாட்டார்கள். தண்டிக்கும் நாளிலேயே சொல்லிவிடுகிறார்கள் என்பது அதில் நேர்மையான பகுதி. பின்னால் விதியை மாற்றவில்லை. முடிவில்லாமல் உள்ளே வைக்க இடம் தருவது எனக்கு உடன்பாடில்லாத பகுதி. முதலாவதை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம்: தண்டிக்கும்போதே கண்காணிப்பு வரக்கூடும் என்று நீதிபதி எச்சரித்துவைக்க வேண்டும், தேவையா என்பதை விடுதலைக்கு முன் மறுபடி சோதிக்க வேண்டும்.

ஆனால் உத்தரவும் கருவியும் மட்டும் போதாது. 2021 செப்டம்பர் 3-ஆம் தேதி நியூசிலாந்தின் ஆக்லந்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். இலங்கையின் காத்தான்குடியில் பிறந்த, தமிழ் பேசும் 32 வயது இளைஞர் அகமட் ஆதில் சம்சுதீன். தீவிரவாதப் பிரசாரங்களை வைத்திருந்ததற்காகத் தண்டிக்கப்பட்டு, ஏற்கெனவே காவலில் கழித்த ஆண்டுகளால் ஜூலையில் நீதிமன்றக் கண்காணிப்போடு வெளியே வந்தவர். போலீஸ் இரவு பகலாகப் பின்தொடர்ந்தது. அவர் பேரங்காடிக்குள் போய், அங்கேயே அடுக்கில் இருந்த கத்தியை எடுத்து, கண்ணில் பட்டவர்களைக் குத்தினார். பின்தொடர்ந்தவர்கள் ஓரிரு நிமிடத்துக்குள் அவரைச் சுட்டுக்கொன்றார்கள். நெருங்கினால் சந்தேகப்படுவார் என்று அவர்கள் தள்ளி நின்றிருந்தார்கள். மிக அடர்த்தியான கண்காணிப்பு அது. ஆயினும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரில், அவர் மனம் திறந்து பேசக்கூடியவர் ஒருவர் இருந்ததாகத் தெரியவில்லை.

அதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு நிகழ்வு. 1994, கனடாவின் ஹாமில்டன் நகரம். சார்லி டெய்லர் என்பவர் சிறாரைத் திரும்பத் திரும்பச் சிதைத்ததற்காக முழுத் தண்டனையும் முடித்து வெளியே வருகிறார். ஊர் கொந்தளிக்கிறது; போலீஸ் அவர் வீட்டைச் சுற்றி நிற்கிறது. ஹாரி நை என்ற மெனோனைட் போதகருக்கு அவரை முன்பே தெரியும். தம் சபையில் சிலரைச் சேர்த்துக்கொண்டு அவரைச் சுற்றி ஒரு வட்டம் அமைத்தார். தினமும் யாராவது ஒருவர் பேசுவார்கள். கடைக்குக் கூட்டிப்போவார்கள். பிள்ளைகள் விளையாடும் இடத்துப் பக்கம் போனாயா என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். போலீஸோடும் பேசுவார்கள், பயந்துபோன அண்டை வீட்டாரோடும் பேசுவார்கள். பத்தாண்டுக்கும் மேல் கழித்து இறக்கும்வரை சார்லி டெய்லர் இன்னொரு குழந்தையைத் தொடவில்லை. நான் முதலில் சொன்ன மனிதர் குற்றம் செய்த அதே மாநிலத்தில், அவர் சிறையில் இருந்த ஆண்டுகளில்தான் இது பிறந்தது. பிறகு கனடா முழுவதும், பிரிட்டனிலும் பரவியது. 2009-இல் ராபின் வில்சனும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், இப்படி வட்டத்துக்குள் இருந்தவர்களின் பாலியல் மறுகுற்றம், வட்டமில்லாதவர்களைவிட 83 விழுக்காடு குறைவு. ஒவ்வொரு பக்கமும் 44 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். எண்ணை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வட்டத்தில் இருந்தவர்கள் சம்பளம் வாங்காத சாதாரண மனிதர்கள் என்பதை மறக்காதீர்கள்.

இது நம்மால் முடியுமா? கோயில் நிர்வாகங்களும் தேவாலயங்களும் ருக்குன் தெத்தாங்கா என்ற அண்டை அயலார் குழுவும் உள்ள ஊர் இது. மரணம் விழுந்த வீட்டுக்கு ஒரு மணி நேரத்தில் பந்தலும் நாற்காலியும் கொண்டுவரத் தெரிந்தவர்கள் நாம். ஆனால் எச்சரிக்கை வேண்டும். பாதிக்கப்பட்ட குழந்தை இருக்கும் அதே கோயில், அதே தாமான் அந்த வட்டத்தை நடத்தக்கூடாது. விடுதலையானவரைப் பிள்ளைகள் வகுப்புப் பக்கம் விடவே கூடாது. முகவரியை வாட்ஸ்அப்பில் போடுவது உதவியல்ல. விரட்டப்பட்டவர் இன்னோர் ஊரில், யாருக்கும் தெரியாத வீட்டில் போய் ஒளிவார், அங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2019-இலிருந்து சமூகநல இலாகா சிறாருக்கு எதிராகக் குற்றம் செய்தவர்களின் பதிவேட்டை வைத்திருக்கிறது. பிள்ளைகளோடு வேலை செய்ய ஆள் எடுக்கும் இடங்கள் அதில் சரிபார்க்கலாம். டியூஷன் மையங்களும் தேவார வகுப்புகளும் அதைப் பயன்படுத்தத் தொடங்குங்கள். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்.

புதுச் சட்டம் வேண்டியது நீதிமன்றப் பகுதிக்கு. விடுதலைக்குச் சில மாதம் முன்பே அரசுத் தரப்பு உயர்நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். ஒருவரையொருவர் சாராத இரண்டு மனநல மருத்துவர்கள் அவரைப் பார்த்து எழுத வேண்டும். ஆபத்து இருக்கிறது என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசைச் சேர்ந்தது. கைதிக்கு வழக்கறிஞர் வேண்டும். காசில்லை என்றால் தேசிய சட்ட உதவி அறவாரியம் தர வேண்டும். ஆண்டுக்கொருமுறை மறுபரிசீலனை. போலீஸ் மட்டும் அல்லாமல், பரோல் அதிகாரிகளைப்போல் பயிற்சி பெற்றவர்கள் பொறுப்பேற்க வேண்டும். சிறைக்குள் தொடங்கிய ஆலோசனை வெளியிலும் அதே ஆலோசகரிடமோ, கோப்பு கைமாறிய இன்னொருவரிடமோ தொடர வேண்டும். நாடு கடத்தப்பட்டுத் திரும்புகிறவருக்கும் இது பொருந்த வேண்டும். இவ்வளவும் வந்தபின் போக்காவின் கண்காணிப்பு உத்தரவுகளை எடுத்துவிட வேண்டும். நல்லதைக் கொண்டுவந்துவிட்டுக் கெட்டதையும் வைத்துக்கொண்டால், போலீஸ் எது எளிதோ அதைத்தான் கையில் எடுக்கும்.

இதற்கு அவசரமும் இருக்கிறது. 2023-இல் கட்டாய மரண தண்டனையை நீக்கியபோது, வாழ்நாள் முழுவதும் சிறை என்ற தண்டனையையும் நீக்கி 30 முதல் 40 ஆண்டு என்று மாற்றினார்கள். அதை நான் முழு மனதோடு வரவேற்றவன். அதன் பொருள், இனி வெளியே வரவே மாட்டார்கள் என்று நினைத்திருந்த சிலர் வரப்போகிறார்கள். இருபத்தைந்து வயதில் உள்ளே போனவர் அறுபதில் வருவார். கைப்பேசியில் பணம் கட்டத் தெரியாது, பெற்றோர் இல்லை, உடன்பிறந்தவர்கள் முகம் மறந்திருப்பார்கள். அவர்களில் மிகப் பலருக்குக் கண்காணிப்பே தேவைப்படாது. தங்க இடமும் மருந்தும் போதும். யார் யாருக்கு எது என்று பிரித்துச் சொல்ல ஒரு நீதிமன்றம் வேண்டும்.

கடைசியாக, எழுதப்படாமல் விடக்கூடாத ஒரு பிரிவு. விடுதலைத் தேதியைப் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே, எழுத்தில், அவர் மொழியில் தெரிவிக்கும் கடமையைச் சட்டம் ஒரு பதவியின் பெயரைச் சொல்லி அந்த அதிகாரியின் தலையில் வைக்க வேண்டும். கண்காணிப்பு நிபந்தனைகள் எவை, அவற்றை விடுதலையானவர் மீறினால் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பதும் அந்தக் கடிதத்திலேயே இருக்க வேண்டும். இந்த வட்டாரத்தின் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களிடம் கொடுப்பதற்காக இதுவரை சொன்னவற்றை ஒரு மனுவாக எழுதி வைத்திருக்கிறோம். வாசலில் மேசைமேல் இருக்கிறது. படித்துப் பாருங்கள், உடன்பட்டால் பெயரும் அடையாள அட்டை எண்ணும் எழுதிக் கையெழுத்திடுங்கள், உடன்படாவிட்டால் எங்கே என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.